நீ யார் என்று கேட்காதே, உனக்கு என்ன முடியும் என்று கேள்

லினக்ஸில் ஒரு மென்பொருளின் மூல நிரலை இறக்கி, சொந்தமாக நிறுவிப் பார்த்தவர்களுக்கு மூன்று மந்திரங்கள் தெரிந்திருக்கும். கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். முதல் மந்திரத்தைத் தட்டியதும் திரையில் கடகடவென்று வரிகள் ஓடும். சி கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது. அது வேலை செய்கிறதா? செய்கிறது. இன்ன கோப்பு இருக்கிறதா? இல்லை. இப்படியே நூறு, இருநூறு கேள்விகள். பழைய கணினியாக இருந்தால் ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கி, காபி கலந்து எடுத்துக்கொண்டு வரும் வரைக்கும் கூட ஓடும்.

அந்த வரிகளை யாரும் படிப்பதில்லை. கடைசியில் பிழை வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போய்விடுவோம். இந்தப் பதிவு அந்த வரிகளைப் பற்றியது. அவை ஏன் வந்தன, யார் எழுதினார்கள், யாரும் படிக்காமல் விட்டதால் 2024-ல் என்ன நடக்க இருந்தது என்கிற கதை. வீட்டில் கணினித் துறை ஆசாமி ஒருவர் இருந்து, "அப்படி என்னதான் பண்றீங்க ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். :-)

முதலில் கொஞ்சம் வம்ச வரலாறு.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை ஆரம்பித்தார்கள். 1973-ல் அதைச் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். பெரிய காரியம் அது. அதுவரை ஓர் இயங்குதளம் என்றால் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தோடு ஒட்டிப் பிறந்தது. சி மொழிக்கு வந்தபின் யூனிக்ஸை மூட்டை கட்டி இன்னோர் இயந்திரத்துக்குக் குடிபெயர்க்க முடிந்தது.

குடிபெயர்ந்த இடமெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சம் மாறியது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தங்கள் கைவண்ணத்தைக் காட்டினார்கள். அந்தக் கிளைக்கு பி.எஸ்.டி. என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. 1983-ல் சிஸ்டம் ஃபைவ் என்ற கிளையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் இயந்திரம் விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிச் சமையல். சன் கம்பெனிக்கு சன்-ஓ.எஸ்., எச்.பி.க்கு எச்.பி.-யு.எக்ஸ்., ஐ.பி.எம்.முக்கு ஏ.ஐ.எக்ஸ்., டிஜிட்டல் நிறுவனத்துக்கு அல்ட்ரிக்ஸ், சிலிக்கன் கிராஃபிக்ஸுக்கு ஐரிக்ஸ். எல்லாம் யூனிக்ஸ்தான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் பேச்சு வேறு.

நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் மாதிரி என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம், மனிதர்கள் சமாளித்துக்கொள்வார்கள், கம்பைலர் சமாளிக்காது. ஒரு சொல்லுக்குள் குறிப்பிட்ட ஓர் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் சாதாரண வசதி. பெர்க்லி வழியில் அதற்குப் பெயர் இண்டெக்ஸ். சிஸ்டம் ஃபைவ் வழியில் எஸ்.டி.ஆர்.சி.எச்.ஆர். வேலை ஒன்றே, பெயர்தான் வேறு. ஒரு டைரக்டரிக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று படிப்பதற்கான குறிப்பு, இயந்திரத்துக்கு இயந்திரம் நான்கு வெவ்வேறு பெயர்களில் இருந்தது. தப்பான பெயரைச் சொன்னால் கம்பைலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் மென்பொருளைப் பகிர்ந்துகொண்டவர்கள் பெரும்பாலும் மூல நிரலாகத்தான் கொடுத்தார்கள். வாங்கியவர் தன் இயந்திரத்தில் கம்பைல் செய்துகொள்ள வேண்டும். அதற்கு 'மேக்' என்ற கருவி இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் எழுதியது. எதை எதிலிருந்து எப்படிக் கட்டுவது என்ற செய்முறைக் குறிப்பு 'மேக்ஃபைல்' என்ற கோப்பில் இருக்கும். அதன் தலையில், "உன் இயந்திரம் சன் என்றால் இந்த வரியை வைத்துக்கொள், சிஸ்டம் ஃபைவ் என்றால் அந்த வரியை எடு" என்று குறிப்புகள் இருக்கும். நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், தன் இயந்திரத்தின் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து திருத்த வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு.

கல்யாண சமையல்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கும்பகோணம், அடுத்த வாரம் டில்லி, அதற்கடுத்து புனே. ஒரு வழி, ஊர்வாரியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது. 'டில்லி: தேங்காய் கிடைக்காது. புனே: நல்லெண்ணெய் கிடைக்காது.' ஊர்ப் பெயரைக் கேட்டதும் நோட்டைப் புரட்டி அதன்படி நடப்பது. இன்னொரு வழி, ஊர் எதுவாக இருந்தாலும் சரி, போய் இறங்கியதும் ஒரு பையனை அனுப்பிப் பார்த்து வரச் சொல்வது. அடுப்பு எத்தனை? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? கிரைண்டருக்குப் பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறதா? எங்கே, சொருகிப் பார்!

நோட்டுப் புத்தக வழி சுலபம். ஆனால் ஊர் மாறும்போது நோட்டு மாறாது. நோட்டில் இல்லாத ஊருக்குப் போனால் கையைப் பிசைய வேண்டியதுதான். இரண்டாவது வழியில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் செலவாகும். ஆனால் பெயரே கேள்விப்படாத ஊரிலும் சமைத்துவிடலாம். எல்லா விசாரணைகளும் 'நீ யார்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'உனக்கு என்ன முடியும்' என்று கேட்பதுதான் வித்தியாசம்.

இந்த இரண்டாவது வழியைப் பிரபலமாக்கியவர்களில் முன்னோடி லாரி வால். பின்னாளில் 1987-ல் பெர்ல் மொழியை உருவாக்கியவர். 1984-ல் ஆர்.என். என்ற செய்தி படிக்கும் நிரலை வெளியிட்டபோது, கூடவே கன்ஃபிகர் என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்டையும் வைத்தார். அது தானே சோதித்துப் பார்க்கும். புரியாவிட்டால் உங்களிடம் கேட்கும். நடுநடுவே நக்கலும் உண்டு. யூனிஸ் என்று, வேறோர் இயங்குதளத்தின் மேல் யூனிக்ஸ் வேஷம் போடும் ஒரு மென்பொருள் இருந்தது. உங்களிடம் அது இல்லை என்று தெரிந்தால் கன்ஃபிகர் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லும்!

பிறகு 1991 ஜூன். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக டேவிட் மெக்கன்ஸி என்பவர் பல குனு கருவிகளைப் பராமரித்து வந்தார். மேக்ஃபைலில் பயனர் தேர்ந்தெடுக்க வேண்டிய விருப்பங்கள் இருபதைத் தொட்டுவிட்டன. பயனருக்குத் தலைவலி, ஒவ்வொரு வெளியீட்டையும் பல இயந்திரங்களில் சோதிக்க வேண்டிய அவருக்கு அதைவிடப் பெரிய தலைவலி. கோப்புகளைக் கையாளும் கருவிகளின் தொகுப்புக்காக, சரியான விடைகளைத் தானே ஊகிக்கும் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டை எழுதினார். நன்றாக வேலை செய்தது. அடுத்த மாதமே அதைக் கையால் திருத்தி மற்றத் தொகுப்புகளுக்கும் போட்டார். ஒன்றில் திருத்தம் செய்தால் எல்லாவற்றிலும் வெட்டி ஒட்ட வேண்டும். இந்த நிலையில் இன்னொரு பராமரிப்பாளர், "இந்த ஸ்கிரிப்டுகளை உருவாக்கித் தரும் கருவி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை, ஆனால் இருக்க வேண்டும் என்று மெக்கன்ஸிக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் ஆட்டோகான்ஃப்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. எஸ்.டி.ஆர்.சி.எச்.ஆர். இருக்கிறதா என்று தெரிய வேண்டும். எந்தக் கையேட்டையும் அது புரட்டாது. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் நாலு வரிச் சி நிரல் ஒன்றைத் தானே எழுதும். அதைக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் இருக்கிறது. ஆகாவிட்டால் இல்லை. அவ்வளவுதான். அந்தக் குட்டி நிரலை அழித்துவிட்டு அடுத்த கேள்வி. திரையில் ஓடும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இப்படி ஒரு குட்டி நிரலோ சோதனையோ பிறந்து செத்திருக்கிறது.

அதில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. 'கட்டுமானச் சூழலுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா?' என்று தமிழில் சொல்லலாம். ஆட்டோமேக் என்ற கூட்டாளிக் கருவி சேர்க்கும் கேள்வி இது. புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி, அதன் தேதி மூல நிரலின் தேதிக்குப் பிந்தியதாக இருக்கிறதா என்று பார்க்கும். மதர்போர்டில் காசு அளவு பேட்டரி தீர்ந்து, கணினி ஒவ்வொரு நாளும் பழைய வருடத்திலேயே கண்விழிக்கும் வீடுகள் உண்டல்லவா? அங்கே இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும். கடிகாரத்தைச் சரிபார் என்று சொல்லும்.

சரி, இதை ஏன் ஷெல் மொழியில் எழுத வேண்டும்? பெர்ல் மாதிரி நல்ல மொழியில் எழுதக்கூடாதா? 1991-ல் பெர்ல் எல்லா இயந்திரத்திலும் இல்லை. எல்லா யூனிக்ஸிலும் நிச்சயமாக இருக்கும் என்று நம்பக்கூடிய ஒரே மொழி, 1979-ல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஸ்டீவன் போர்னின் ஷெல். அதன் பின் வந்தவர்களில் அதற்கு வாரிசுகள் ஏராளம். டேவிட் கோர்னின் ஷெல், கென்னத் அல்ம்க்விஸ்டின் ஆஷ், பிரையன் ஃபாக்ஸ் 1989-ல் கொண்டுவந்த பாஷ். 1992-ல் போஸிக்ஸ் என்று ஒரு தரமும் வந்தது. ஆனால் காகிதத்தில் தரம் வந்துவிட்டதால் பழைய இயந்திரங்கள் ஒரே நாளில் பரணுக்குப் போய்விடவில்லை.

ஆகவே எல்லா ஷெல்லுக்கும் பொதுவான கடைசிப் படியில் இறங்கி நின்று எழுத வேண்டியிருந்தது. இங்கேதான் வேடிக்கை.

'எக்கோ' என்ற கட்டளை, சொன்னதைத் திரையில் எழுதும். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகாமல் அங்கேயே நிற்க வேண்டுமென்றால்? பெர்க்லி வழியில் முன்னால் ஒரு கோடும் 'என்' எழுத்தும் போட வேண்டும். சிஸ்டம் ஃபைவ் வழியில் கடைசியில் ஒரு சாய்கோடும் 'சி' எழுத்தும். மாற்றிப் போட்டால் அந்த எழுத்துகளே திரையில் வந்து விழும். ஆகவே கன்ஃபிகர் முதலில் ஒரு எக்கோ விட்டுப் பார்த்து, இது எந்த வீட்டு எக்கோ என்று தெரிந்துகொண்டு மேலே போகும்.

இரண்டு சொற்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் முன்னால் 'எக்ஸ்' என்று ஓர் எழுத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். 'ஆம்' என்பதா என்று பார்க்காமல் 'எக்ஸ்-ஆம்' என்பதா என்று பார்ப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் தலையைச் சொறியும் இடம் இது. காரணம் எளிமையானது. ஒப்பிட வேண்டிய சொல் காலியாக இருந்தாலோ, கழித்தல் குறியில் தொடங்கினாலோ சில பழைய ஷெல்கள் குழம்பிப்போய்விடும். முன்னால் ஒரு துணை எழுத்து இருந்தால் குழப்பம் இல்லை. வெறுங்கையோடு போகாமல் ஒரு எலுமிச்சம் பழமாவது கொண்டு போகிற மாதிரி.

ஷெல்லில் செயற்கூறுகள் 1984 வாக்கில்தான் சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்தன. ஆனால் ஆட்டோகான்ஃப் உருவாக்கும் ஸ்கிரிப்டுகள் 2000-களின் இறுதி வரை அவற்றைத் தொடவே இல்லை. எங்கோ ஒரு மூலையில் ஒரு பழைய இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாமே என்ற பயம். பயம் வீணும் இல்லை. ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றுக்குள் வைக்கும் டாலர்-அடைப்புக்குறி முறையை, சொலாரிஸின் மூல ஷெல் 2011-ல் பதினோராம் பதிப்பு வரும்வரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்டோகான்ஃப் கையேட்டில் ஷெல் மொழியைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். எந்த இயந்திரம் எந்த இடத்தில் எப்படி இடறும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். செத்துப்போன கணினிகளின் நோய்க் குறிப்பேடு என்றே சொல்லலாம்.

லினக்ஸ் பரவியபின், இதெல்லாம் எதற்கு, பாஷ் போதாதா என்ற நினைப்பு வந்தது. 2006 அக்டோபரில் உபுண்டு, வேகத்துக்காகத் தன் அடிப்படை ஷெல்லை பாஷிலிருந்து டாஷுக்கு மாற்றியது. ஆஷின் வழிவந்த ஒல்லியான ஷெல் அது. பாஷுக்கு மட்டுமே தெரிந்த வசதிகளைத் தெரியாமல் பயன்படுத்தியிருந்த ஸ்கிரிப்டுகள் ஆங்காங்கே விழுந்தன. சமத்தை இரண்டு முறை போட்டு ஒப்பிடுவது பாஷுக்குப் புரியும், டாஷுக்குப் புரியாது. மெக்கன்ஸி வகையறாவின் பழைய கட்டுப்பாட்டோடு எழுதப்பட்டவை எந்தச் சலனமும் இல்லாமல் ஓடின.

இதுவரை சொன்னது புகழ். இனி விலை.

டில்லிக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அந்தக் காலத்தில் அம்மா புளி, காபிப் பொடி, நல்லெண்ணெய், அப்பளம் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். தேவை இருந்தது. இன்று கரோல்பாக்கில் கிடைக்கிறது, மும்பை மாதுங்காவில் கிடைக்கிறது, ஆப்பில் சொன்னால் வாசலுக்கே வருகிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் இரண்டு கிலோ புளி ஏறிவிடுகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. கன்ஃபிகரும் அப்படித்தான் ஆனது. சோதனைகள் சேர்ந்தன, எதுவும் குறையவில்லை. 2012-ல் ஃப்ரீ-பி.எஸ்.டி.யைச் சேர்ந்த பவுல்-ஹென்னிங் காம்ப் இதைப் பற்றிக் கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். லிப்டூல் என்ற கருவியின் கன்ஃபிகர் 31,085 வரிகள் என்றும், அது தேடிப் பார்க்கிற சில அடிப்படைக் கோப்புகள் இல்லாத பழங்கால யூனிக்ஸ்களுக்கு அந்த லிப்டூலையே ஓட்டும் அளவு நினைவகம் இருந்ததில்லை என்றும் சுட்டிக்காட்டினார். அதே 2012-ல் வந்த ஆட்டோகான்ஃப் 2.69-க்கு அடுத்த பதிப்பு 2020 டிசம்பரில்தான் வந்தது. இடையில் எட்டு வருடம். உலகமே சார்ந்திருந்த ஒன்றைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை.

முப்பதாயிரம் வரி ஸ்கிரிப்டை யார் படிப்பார்கள்? யாரும் இல்லை. அதுதான் ஆபத்து என்று 2024-ல் தெரிந்தது.

எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும். பல வருடங்களாக லாசே காலின் என்பவர் ஏறக்குறையத் தனி ஆளாகப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவிகள் செய்து, நம்பிக்கையைப் பெற்று, வெளியீடுகளை அனுப்பும் இடத்துக்கு உயர்ந்தார். 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு திருட்டுக் கதவு இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவையைக் குறிவைத்தது.

அதை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்? கன்ஃபிகரை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கோப்பு ஒன்றில். எல்லோரும் பார்க்கிற பொதுக் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டி அனுப்பிய பொட்டலத்தில் மட்டும் இருந்தன. பொட்டலத்தில் கூடுதலாகச் சில கோப்புகள் இருப்பது இந்த முறையில் சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விஷம் இரண்டு 'சோதனைக் கோப்பு'களுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கன்ஃபிகர் ஓடும்போது, எல்லா இயந்திரத்திலும் இருக்கும் அதே எளிய கட்டளைகளால் அதைப் பிரித்து எடுத்தார்கள். எடுப்பதற்கு முன் ஒரு விசாரணை: இது 64-பிட் இன்டெல் வகை லினக்ஸா? டெபியன் அல்லது ஆர்.பி.எம். பொதிக்காகக் கட்டுகிறார்களா? பழைய வழக்கப்படி அந்த ஒப்பீட்டிலும் முன்னால் 'எக்ஸ்' ஒட்டியிருந்தார்கள்! உனக்கு என்ன முடியும் என்று கேட்பதற்காகப் பிறந்த ஸ்கிரிப்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, திருடன் கேட்டது 'நீ யார்' என்ற கேள்வியை.

இன்னொரு தந்திரம் இதைவிட நுணுக்கம். லேண்ட்லாக் என்று ஒரு பாதுகாப்பு வேலி லினக்ஸில் உண்டு. அது இருக்கிறதா என்று சோதிக்கும் குட்டி நிரலுக்குள் ஒற்றைப் புள்ளியைச் செருகியிருந்தார்கள். சீமேக் என்ற வேறொரு கட்டுமானக் கருவிக்கான கோப்பில். புள்ளி இருந்தால் நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகாவிட்டால் என்ன அர்த்தம்? 'இந்த வசதி இங்கே இல்லை.' பாதுகாப்பு வேலி சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். பிழை என்று ஒரு வார்த்தை வராது. 'இல்லை' என்று ஒரு வரி ஓடும். நாம்தான் அந்த வரிகளைப் படிப்பதில்லையே.

காப்பாற்றியவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது எஸ்.எஸ்.எச். உள்நுழைவுக்கு அரை வினாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். விடாமல் துருவினார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அதற்குள் டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது போய்விட்டிருந்தது. வங்கிகளும் அலுவலகங்களும் ஓட்டும் நிலையான பதிப்புகளுக்கு இன்னும் போகவில்லை. சில வாரங்கள் தாமதமாகியிருந்தால் நம் சம்பளம் விழும் சர்வருக்குள்ளும் நுழைந்திருக்கும்.

இதனால் மெக்கன்ஸியின் யோசனை தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த யோசனை இல்லாவிட்டால் மலிவான கணினியில் லினக்ஸைப் போட்டு, மூல நிரலிலிருந்து எல்லாவற்றையும் கட்டிக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையே நம் ஊரில் உருவாகியிருக்காது. கே.டி.இ. 2006 வாக்கில் சீமேக்குக்குப் போனது. பிறகு நோமும் பலரும் மீசான் பக்கம் போனார்கள். ஆனால் புள்ளி வைத்த தந்திரம் சீமேக் கோப்பில்தான் நடந்தது. கருவியை மாற்றுவதால் மட்டும் தீராது. இயந்திரத்தைச் சோதிக்க ஒரு ஸ்கிரிப்டை எழுதினோம். அந்த ஸ்கிரிப்டைச் சோதிக்க ஆள் வைக்கவில்லை.

வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேலை கொடுங்கள். ஏதாவது சிறிய மென்பொருளின் மூல நிரலை இறக்கி, கன்ஃபிகரை ஓட்டி, அது விட்டுச் செல்லும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்வியும், கம்பைலர் சொன்ன பதிலும், தோற்றுப்போன குட்டி நிரல்களும் அதில் இருக்கும். 'இல்லை' என்று விடை வந்த இடங்களில், நிஜமாகவே இல்லையா என்று நாலு இடத்தில் மட்டும் பார்க்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.